அறுபத்தொன்றாம் கூடையும் மேற்குச் சரிவும்: அன்னரோஸ் திரேகர் அம்மையாருக்குப் பணியாளர்கள் வாசிக்கும் மடல்

இந்தக் காலத்து ஆட்களுக்கு நன்றி சொல்லக்கூடச் சொந்த வாய் இல்லை. யாராவது ஓய்வு பெற்றால் கணினியைத் தட்டுகிறார்கள். எவருக்கோ எப்போதோ எழுதிய மடல் வந்து நிற்கிறது. பெயரை மாற்றுகிறார்கள், கண்ணாடிச் சட்டம் போடுகிறார்கள், கேக்கைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். உங்களுக்கும் அப்படி ஒன்று அலுவலகத்தில் தயாராகத்தான் இருந்தது, அம்மா. "இன்முகமும் இணக்கமும் ஒருங்கே கொண்டவர்" என்று அதில் எழுதியிருந்தது. இன்முகமா? இணக்கமா? முப்பத்து நான்கு ஆண்டுகள் உங்களோடு வேலை பார்த்த நாங்கள் அதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தோம். கடைசியில், எட்டாம் வகுப்போடு சுரங்கத்தில் இறங்கிய என் கையில் பேனாவைத் திணித்து, "நீயே எழுதுய்யா லோதார், உன்னை இனிமே யாரு வேலையவிட்டுத் தூக்கப் போறா" என்றார்கள். எழுதிவிட்டேன். கொஞ்சம் நீளம்தான். பசிக்கிறவர்கள் இப்போதே உருளைக்கிழங்கு சாலட்டில் கைவைக்கலாம்.

அளந்ததை அளந்தபடி சொன்ன அன்னரோஸ் அம்மையாரே!

பனியிலும் பாறையிலும் பாதம் பதித்து, பள்ளத்துக் கசிவையெல்லாம் பாட்டிலில் பிடித்த பெருமாட்டியே! கண்ணுக்குத் தெரியாத காட்மியத்தையும் காதுக்குக் கேட்காத ஆர்சனிக்கையும் கையோடு பிடித்து வந்து கணக்கில் நிறுத்திய காவலரே! மேலாளர்கள் ஒன்பது பேர் வந்து போன பிறகும், மேசைமேல் தலையணை உயரத்துக்குத் தாள்கள் குவிந்த பிறகும், ஒரு பொய்க்குக்கூடக் கையெழுத்துப் போடாத கைக்கு உரியவரே! ஐஷென்தால் கசிவுநீர் நிலையத்தின் பணியாளர்கள் பதினோரு பேரும் எழுந்து நின்று உங்களுக்கு வணக்கம் சொல்கிறோம். முழங்கால் வலிக்காரன் ஒருவன் மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், மன்னிக்கவும்.

சுரங்கத்தை மூடிய ஆண்டில் நீங்கள் இங்கே வந்தீர்கள். யுரேனியம் தோண்டிய காலமெல்லாம் இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர்க் கணக்கு பூட்டிய அலமாரியில் இருந்தது. எங்கள் கிணற்றில் என்ன கலந்திருக்கிறது என்று எங்களிடமே சொல்ல மாட்டார்கள். கேட்டவனை வேறு வேலைக்கு மாற்றுவார்கள். அதனால், பெட்டி நிறையப் பாட்டில்களோடு ஒரு பெண் வண்டியிலிருந்து இறங்கியதும், இதுவும் அந்த அலமாரிக்காரர்கள் அனுப்பிய ஆள்தான் என்று முடிவு கட்டினேன்.

"என்னம்மா, எங்க ஊர்த் தண்ணிய எங்க கொண்டுபோயி ஒளிச்சு வெக்கப் போற?" என்று கேட்டேன்.

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒளிச்சு வெச்சதெல்லாம் போதும்யா. சும்மா நிக்காம இந்த வாளியைப் பிடி."

பிடித்தேன். கண்காணிப்புக் கிணற்றிலிருந்து முதல் வாளியை இறைத்துக் கீழே கொட்டினீர்கள். இரண்டாவதையும் கொட்டினீர்கள். மூன்றாவதும் போனது. எனக்கு எரிச்சல் வந்தது. "குழாய்ல தேங்கி நிக்கிற தண்ணி பழைய கதையத்தான் சொல்லும். உள்ளேயிருந்து புதுசு வரட்டும்" என்றீர்கள். பிறகு ஒவ்வொரு பாட்டிலையும் அதே தண்ணீரால் மும்முறை அலசி, நிரப்பி, இரண்டு சொட்டு அமிலம் விட்டு மூடினீர்கள். விடாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைவாகக் காட்டும் என்றீர்கள். குறைவாகக் காட்டினால் எல்லோருக்கும் சந்தோஷம்தானே என்றேன். அன்று நீங்கள் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் இருக்கிறது.

அந்த நாளில் ஊரே ஒரு கருவியைத்தான் நம்பியது. கதிர் இருந்தால் டிக் டிக் என்று கத்துமே, அது. வீட்டுக்கு வீடு வாங்கி வைத்திருந்தார்கள். சுரங்கத்துக் கழிவுமேட்டுக் கல்லை வாரி வந்து தோட்டத்துக்குப் பாதை போட்டவன் அதன்மேல் கருவியைக் காட்டுவான். கத்தவில்லையென்றால் குழந்தையை அங்கே விளையாட விடுவான். முட்டைக்கோசுக்குக் காட்டுவான், காளானுக்குக் காட்டுவான். கத்தாதது எல்லாம் நல்லது. அதுதான் எங்கள் படிப்பு.

நகர மன்றத்தில் நீங்கள் எழுந்து பேசியதை நான் கடைசி வரிசையில் கைகட்டிக்கொண்டு கேட்டேன். "யுரேனியம் கதிர் வீசறதால மட்டும் கெடுதல் இல்லீங்க. அதுவும் ஈயம் மாதிரி ஒரு கன உலோகம். உள்ள போனா சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதோட சேர்ந்து மேல வந்த ஆர்சனிக், காட்மியம், நிக்கல் எதுவும் உங்க கருவில கத்தாது. கதிர்ப்பொருள்ல சிலதாவது காலம் போகப் போகத் தேயும். ஆர்சனிக் தேயாது. ஆயிரம் வருஷம் கழிச்சும் அது ஆர்சனிக்தான்."

"அப்போ எங்களை என்னதான் செய்யச் சொல்ற?" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"அந்தக் கருவிய ஓரமா வெச்சிட்டு என் பாட்டிலைப் பாருங்க."

யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் பாட்டில் நிறைந்தது. ஓடை உறைந்தபோது கடப்பாரையால் உடைத்து எடுத்தீர்கள். வெள்ளம் வந்த ஆண்டில் இடுப்பளவுத் தண்ணீரில் கயிறு கட்டி நின்று எடுத்தீர்கள். உங்கள் மகளின் திருமணத்தன்று, கல்யாண உடையின்மேல் ரப்பர் காலணி போட்டு வந்து எடுத்துவிட்டுப் போனீர்கள். போட்டோவில் காலணி தெரிகிறது என்று சம்பந்தி வீட்டில் கோபமாம். பாராட்டு என்றால் இதைத்தான் பாராட்ட வேண்டும், இன்முகத்தை அல்ல.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முன்வரிசையில் இருக்கும் மேலாளர் ஹென்ஷல் ஐயாவும் கவனமாகக் கேட்கட்டும்.

பன்னிரண்டாம் கழிவுமேட்டின் மேற்கு அடிவாரத்தில் நான்காம் பம்பு இருக்கிறது. மண்ணுக்கடியில் காலங்காலமாகக் காற்றுப் படாமல் கிடந்த கல்லை வெளியே கொண்டுவந்து கொட்டினோம். மழை பட்டால் அது உள்ளேயே புளித்து அமிலமாகி, தன்னிடமுள்ள உலோகத்தையெல்லாம் கரைத்து அடியில் கசியவிடுகிறது. அந்தக் கசிவைத்தான் நான்காம் பம்பு இறைத்து நிலையத்துக்கு அனுப்புகிறது. சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டு, படிந்த சேற்றைச் சிமெண்டில் குழைத்து அடைக்கிறோம். பம்பு நின்றால் கசிவு நேராக ரோட்பாக் ஓடைக்குப் போகும். ஓடைக்கரையில் நாற்பது தோட்டங்கள் இருக்கின்றன. நாற்பதிலும் குழாய் போட்டுத்தான் பீன்ஸுக்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்.

அந்தப் பம்பை டிசம்பர் முப்பத்தொன்றோடு நிறுத்துவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. ஏன்? அந்த மேட்டின் மேற்குச் சரிவு சுத்தமாகிவிட்டதாம். யார் சொன்னது? காளான் சொன்னதாம்.

காளான் பொய் சொல்லாது. பொய் சொன்னது நாங்கள்.

போன ஆண்டு இலையுதிர் காலத்தில் வெளியூரிலிருந்து ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். மண்ணிலுள்ள உலோகத்தைக் காளான் உறிஞ்சும், அதைச் சோதித்தால் எந்த இடம் கெட்டது என்று தெரியும், ஆளுக்கொரு கூடை கொண்டு வாருங்கள், எங்கே பொறுக்கியது என்று சீட்டில் எழுதுங்கள், பெயர் வேண்டாம், எண் போதும் என்றார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் இந்த ஊரைத் தெரியாத பிள்ளைகள். இங்கே ஒருவன் தன் மூலநோயைப் பற்றிக்கூட மேடையேறிப் பேசுவான், காளான் பொறுக்கும் இடத்தை மட்டும் கட்டிய மனைவியிடமும் சொல்ல மாட்டான். வண்டியைப் பக்கத்து ஊரில் நிறுத்திவிட்டுச் சுற்றிவந்து காட்டுக்குள் நுழைகிறவர்கள் நாங்கள். எங்கள் நிலையத்தில் லாரி ஓட்டும் ஊடோவின் அப்பா மருத்துவமனையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதுதான் மகனின் காதில் இடத்தைச் சொன்னார். அதையும், நர்ஸ் வெளியே போகட்டும் என்று காத்திருந்து சொன்னார்.

எண்பத்து நான்கு கூடைகள் சேர்ந்தன. தடையை மீறி மேற்குச் சரிவில் திருட்டுத்தனமாகப் பொறுக்கிய நாங்கள் சிலர், சீட்டில் ஊசியிலைக் காடு என்று எழுதினோம். ஊசியிலைக் காட்டில் பொறுக்கியவர்கள், மற்றவர்களை அலையவிட வேண்டும் என்று, மேற்குச் சரிவு என்று எழுதினார்கள். வசந்தத்தில் முடிவு வந்தது. சுத்தமான காடு விஷம். விஷச் சரிவு சுத்தம். காட்டு வாசலில் எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். சரிவின் அடிவாரப் பம்புக்கு நாள் குறித்தார்கள்.

ஏப்ரலில் நீங்கள் பம்பு அறைக்கு வந்தீர்கள்.

"யோவ் லோதார், உன் கூடை நம்பர் என்ன?"

"ஞாபகம் இல்ல."

"அறுபத்தொண்ணு. உன் கோழிக் கிறுக்கலை முப்பது வருஷமாப் படிக்கறேன், தெரியாதா எனக்கு? எண்பத்து நாலுலயும் அதுலதான் ஆர்சனிக் அதிகம். எங்க பொறுக்கின?"

"சீட்டுல எழுதியிருக்கே. ஊசியிலைக் காட்டுல."

"அந்தக் காட்டு ஊத்துத் தண்ணிய மாசாமாசம் அளக்கறேன். சுத்தமா இருக்கு. தண்ணி நல்லா இருக்கற எடத்துல காளான் மட்டும் எப்படிய்யா விஷத்தைக் குடிச்சுது?"

"அதைக் காளானத்தான் கேக்கணும்."

"காளான் எப்பவோ சொல்லிடுச்சு. நீதான் வாயத் தொறக்க மாட்டேங்கற."

திறக்கவில்லை, அம்மா. பதினோரு பேரையும் தனித்தனியாகக் கேட்டீர்கள். பதினோரு பேரும் திறக்கவில்லை. ஆய்வு தவறு என்று நீங்கள் அலுவலகத்துக்கு எழுதினீர்கள். ஆதாரம் கேட்டார்கள். உங்கள் கையில் தண்ணீர்க் கணக்கு இருந்தது, எங்கள் வாய் இல்லை. பம்பை நிறுத்தலாம் என்ற சான்றிதழை உங்கள் மேசையில் மூன்று முறை வைத்தார்கள். "முதல்ல ஒரு வருஷம் அந்தக் கசிவு கலந்த ஓடைத் தண்ணில விளைஞ்ச பீன்ஸைச் சாப்பிட்டுட்டு வாங்க, அப்புறம் போடறேன்" என்று மூன்று முறையும் திருப்பி அனுப்பினீர்கள். நீங்கள் போன பிறகு அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவர் போடுவார் என்று காத்திருக்கிறார்கள்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்புக்கு மசகு போடப் போனேன். எனக்கு ஓய்வு கொடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன; அந்தப் பழைய பம்பு வேறு யார் கைக்கும் அடங்காததால் வாரத்தில் இரண்டு நாள் கூப்பிடுகிறார்கள். நிமிர்ந்து பார்த்தால், சரிவு முழுக்க மனிதர்கள். முப்பது பேர் இருப்பார்கள். குடும்பம் குடும்பமாகக் கூடையோடு, சுத்தம் என்று பத்திரிகையில் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். என் பேத்தி படிக்கும் மழலைப் பள்ளியின் ஆசிரியை, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளோடு ஏறிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அங்க பொறுக்காதீங்க! விஷம்! எறங்கி வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சரிவே சிரித்தது. "ஆமாமா, விஷம்! நீ ஒருத்தன் மட்டும் தின்னலாமாக்கும்!" என்றான் ஒருவன்.

"நெசமாத்தான் சொல்றேன்யா!"

"லோதார் தாத்தா எடத்தைக் கண்டுபிடிச்சிட்டோம்டோய்!" என்று இன்னொருவன் கூவினான். ஆசிரியையும் சிரித்தார். குனிந்து ஒரு பழுப்புத் தொப்பிக் காளானைப் பறித்துப் பிள்ளையின் கையில் கொடுத்தார்.

வாழ்நாளில் முதல் தடவையாகக் காளானைப் பற்றி உண்மை சொன்னேன். ஒருவர்கூட நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போய் என் மனைவி டிராவுடலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இதோ இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு ஆண்டுகளாக அவளுக்குச் சிறுநீரகம் சரியில்லை. அது காளானால் வந்தது என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "இருபது வருஷமா வெண்ணெயில வதக்கி வதக்கிப் போட்டேனே, எங்கேயிருந்துய்யா கொண்டுவந்த?" என்று கேட்டாள். பிறகு, உலர்த்தி வைத்திருந்த ஒன்பது ஜாடிகளையும் வரிசையாக மேசைமேல் எடுத்து வைத்தாள். "இதைக் கொண்டுபோயி அந்த அம்மாகிட்டக் குடு. குடுத்திட்டு வந்து எங்கூடப் பேசு" என்றாள்.

ஒன்பதிலும் ஆண்டு எழுதி ஒட்டியிருந்தாள். ஒன்பதையும் சோதித்தீர்கள். என்ன வந்தது என்பதை இங்கே படிக்க மாட்டேன், டிராவுடல் சாப்பிட வேண்டும். இந்த மடலின் பின்பக்கத்தில் இருக்கிறது, விரும்புகிறவர்கள் பார்க்கலாம். என்னைத் திட்டுவீர்கள் என்றுதான் நினைத்தேன். "ஆண்டு எழுதி வெச்சிருக்கா பாரு, உன்னைவிட அவ நல்ல ஆளு" என்று மட்டும் சொன்னீர்கள்.

மறுநாள் உடைமாற்றும் அறையில் மற்ற பத்துப் பேரையும் நிறுத்தி, நான் முதலில் சொன்னேன். பிறகு ஊடோ தன் ஷூவைப் பார்த்துக்கொண்டே, "நான் மேற்குச் சரிவுன்னு எழுதினேன். என்னோடது காட்டுக்குள்ள, பழைய வேட்டைக் குடிசைக்குப் பின்னால" என்றான்.

"ஏன்டா அப்படி எழுதின?"

"நீங்கல்லாம் சரிவுல ஏறி எறங்கி முட்டி தேயட்டும்னுதான்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

ஆகையால், அன்னரோஸ் அம்மையாரே, நிர்வாகம் தரும் சுரங்க விளக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். பித்தளை, பளபளப்பாக இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தருவது வேறு. இந்த மடலோடு ஒரே சட்டத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் பதினோரு சிலுவைக் குறிகள் இருக்கின்றன. பதினொன்றும் எங்கள் உண்மையான இடங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூடை எண், பெயர், "சீட்டில் நான் எழுதியது பொய்" என்ற வாசகம், கையெழுத்து. அறுபத்தொன்று என்னுடையது. நான்காம் பம்பிலிருந்து எண்பது அடி. ஊடோ அவன் அப்பாவின் இடத்தைக் குறிக்கும்போது கண் கலங்கினான், ஆனாலும் குறித்தான். ஏழு குறிகள் சரிவில் விழுகின்றன, நான்கு காட்டில். இப்போது உங்கள் தண்ணீர்க் கணக்கும் காளான் கணக்கும் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைக்கின்றன. இதன் நகல் மாவட்ட அலுவலகத்துக்கும் பத்திரிகைக்கும் நேற்றுக் காலையே தபாலில் போய்விட்டது. தடை செய்த சரிவில் நுழைந்ததற்குத் தண்டம் விதிப்பார்களாம். விதிக்கட்டும். பொய்ச் சீட்டு எழுதியதற்கு ஊர் சிரிக்குமாம். சிரிக்கட்டும். மற்ற எழுபத்து மூன்று கூடைக்காரர்களில் பாதிப்பேர் இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். தரையைப் பார்க்காதீர்கள். பேனா வாசலில் இருக்கிறது, வரைபடத்தில் இடமும் இருக்கிறது.

போன வியாழக்கிழமை ஹென்ஷல் ஐயா இதைப் படித்தார். மரியாதையான மனிதர், உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்.

"லோதார், விழா மடல்ல இதெல்லாம் வேண்டாமே. பம்பு வர்ற அந்தப் பத்திய மட்டும் எடுத்துடுங்க. வசந்தம் வரைக்கும் பம்பு ஓடட்டும், மறுபடி சோதனை பண்ணிடலாம். என் வாக்கு."

"எழுதிக் குடுங்க."

"வாக்குன்னு சொல்றேனே."

"அதனாலதான் எழுதிக் கேக்கறேன்."

காபி ஆறிப்போனது. எழுதித் தரவில்லை. பத்தியை நானும் எடுக்கவில்லை.

அம்மா, உங்களுக்கு எங்கள் வாழ்த்து. உங்கள் முழங்கால்கள் இன்னும் முப்பது குளிர்காலம் வலிக்காமல் மடங்கட்டும். உங்கள் சிறுநீரகங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் எவருடையதையும்விட நன்றாக ஓடட்டும். காலையில் எழுந்ததும் வானிலை பார்க்காமல் மறுபடி படுத்துக்கொள்ளும் சுகம் உங்களுக்குக் கிடைக்கட்டும். பாட்டில் பெட்டியை மட்டும் ஒப்படைக்காதீர்கள், பழையது, யாரும் கேட்க மாட்டார்கள். ஓடை எல்லோருக்கும் பொது. அதில் தண்ணீர் மொள்ள எந்தப் பதவியும் வேண்டியதில்லை. வாளியைப் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புங்கள்.

நான் படித்து முடித்ததும் ஹென்ஷல் ஐயா மேடையேறி, வசந்தம் வரை பம்பு ஓடும், மறுபடி சோதிப்போம் என்று மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லுவார். கூடியிருக்கிற எல்லோரும் கைதட்டுவீர்கள். தட்டுங்கள், அவரும் மனிதர்தானே. என்னால் முடியாது. வசந்தத்தில் இந்த மலையில் காளான் முளைக்காது. எதை வைத்து மறுபடி சோதிப்பார்கள்? அதனால் இந்தச் சட்டத்தை அன்னரோஸ் அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, டிராவுடலைக் கைப்பிடித்து எழுப்பிக்கொண்டு, அவர் ஒலிபெருக்கியைச் சரிசெய்து முடிப்பதற்குள் வாசலைத் தாண்டிவிடுவேன். ஜனவரி முதல் தேதி காலையில் அடிவாரத்துக்குப் போய், பம்பு ஓடும் சத்தத்தை என் காதால் கேட்ட பிறகு வேண்டுமானால், நம்பலாமா என்று யோசிக்கிறேன்.

பதினோரு பேர் சார்பில், அவர்கள் ஒவ்வொரு வரியையும் படித்துச் சம்மதித்த பின்,
லோதார் மைக்ஸ்னர்
நான்காம் பம்பு, ஐஷென்தால் கசிவுநீர் நிலையம்